வீட்டுக்குள் தாக்குதல் நடந்தபின்: ரத்தக்கறை துப்புரவுச் செலவை எப்படிச் சமாளிப்பது?

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிவாக்கில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் ஓர் ஆள் கத்தியோடு நுழைந்தான். தம்பிக்குத் தெரிந்தவன்தான், பணத் தகராறு. தம்பி கையில் அகப்பட்ட முக்காலியால் தடுத்து, அவனைத் தள்ளிவிட்டுக் கத்தியைப் பறித்தான். இருவருக்கும் காயம். நல்லவேளையாக யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடத்துத் தரை, சோபா, சுவரின் கீழ்ப்பாதி, வாசலுக்கு வெளியே நடைபாதை என்று எங்கும் ரத்தம்.

காவல்துறை வரும், விசாரிக்கும், தடயம் எடுக்கும். வீட்டைக் கழுவிக் கொடுக்காது. அந்தச் செலவு முதலில் நம் கையிலிருந்துதான் போகும். அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பது முதல் மூன்று நாளில் நாம் என்ன தாள்களைச் சேர்த்துவைத்தோம் என்பதைப் பொறுத்தது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் அழையுங்கள், வாளியைத் தொடாதீர்கள்

காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. வாய்விட்டுப் பேச முடியாத நிலை என்றால் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

அழைத்துவிட்டு அம்மா செய்யப்போன முதல் காரியம், வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்தது. “அக்கம்பக்கத்து ஆளுங்க வர்றதுக்குள்ள கழுவிடலாம்டி” என்றார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். சாமி மாடம் இருக்கிற கூடத்தில் ரத்தம் கிடப்பதை எந்தத் தாயால் பார்த்துக்கொண்டு இருக்க முடியும்? ஆனால் தயவுசெய்து கழுவாதீர்கள். மஞ்சள் தண்ணீர், டெட்டால், ஒரு துணியை எடுத்து ஓரமாகப் போடுவது, எதுவுமே வேண்டாம். தடயத்தை அழிப்பதும் விசாரணைக்கு இடையூறு செய்வதும் இங்கே குற்றம். அதைவிட முக்கியம், தம்பி தற்காப்புக்காகத்தான் அப்படிச் செய்தான் என்பதற்குச் சாட்சியே அந்தக் கறைகள்தான். கதவருகில் தொடங்கி உள்ளே வந்த ரத்தத்துளிகள், யார் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லும். கழுவிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

தற்காப்பு என்று நீங்கள் சொல்வதால் மட்டும் காவல்துறை உங்களை விட்டுவிடாது. முதலில் இரு தரப்பையும்தான் விசாரிப்பார்கள். தம்பியின் கையில் தையல் போட்ட கையோடு வாக்குமூலம் எடுத்தார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கூச்சப்படாதீர்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் காப்புறுதிப் படிவத்தில் நீங்கள் எழுதப்போவதும் இந்த வாக்குமூலமும் ஒத்துப்போக வேண்டும்.

2. வீட்டை எப்போது விடுவிக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்

உங்கள் வழக்கைப் பார்க்கும் விசாரணை அதிகாரியை எல்லாரும் ஐஓ என்றுதான் சொல்வார்கள். அவருடைய பெயர், தொலைபேசி எண், புகார் எண் மூன்றையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். புகாரின் நகலும் வேண்டும். காப்புறுதி நிறுவனம், வீட்டு உரிமையாளர், நீதிமன்றம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

“இனிமேல் சுத்தம் செய்யலாம்” என்று ஐஓ சொல்லும்வரை துப்புரவு ஆட்களை உள்ளே விடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னால், “இன்று மாலை 5 மணிக்கு வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று சொன்னீர்கள், நன்றி” என்று நீங்களே அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். அது ஆதாரமாக நிற்கும். எங்கள் வீடு மறுநாள் மாலையே கிடைத்துவிட்டது. உயிரிழப்பு நடந்த இடமென்றால் இன்னும் பல நாள் ஆகலாம்.

இந்த ஊர் வெக்கையில் ஒரே நாளில் வாடை வந்துவிடும், எறும்பும் ஈயும் மொய்க்கும். அதனால் ஐஓவிடம் தினம் ஒருமுறை பணிவாகக் கேட்பதில் தவறில்லை. அதுவரை வேறு எங்கே தங்கினாலும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சில காப்புறுதித் திட்டங்களில் மாற்றுத் தங்குமிடச் செலவு கிடைக்கும்.

காவல்துறை எடுத்துச்செல்லும் பொருள்களுக்குப் பட்டியல் கேளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து முக்காலி, கத்தி, ஒரு மிதியடி, தம்பியின் சட்டை போயின.

3. படம் எடுங்கள், பட்டியல் போடுங்கள்

வீட்டை விடுவித்த பிறகு, துடைப்பதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த வேலையை வீட்டில் மனம் திடமாக இருக்கும் ஒருவர் செய்யட்டும். எங்கள் வீட்டில் நான் செய்தேன். முதலில் வாசலில் நின்று அறை முழுவதையும், பிறகு ஒவ்வொரு சேதத்தையும் கிட்டத்தில் எடுங்கள். கறை படிந்த சோபாவின் அடிப்பக்கம், மெத்தையின் ஓரம், இரும்புக் கதவின் பூட்டு, தரைப்பலகைகளின் இடுக்கு எதையும் விடாதீர்கள். பொருள், வாங்கிய ஆண்டு, தோராய விலை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழைய ரசீது இல்லையென்றால் வங்கிக் கணக்கில் பணம் போன பதிவு போதும்.

இந்தப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எங்கள் சித்தப்பா மகன் நல்லெண்ணத்தில் ஒரு படத்தை இன்னொரு குழுவுக்கு அனுப்பிவிட்டான். விசாரணை நடக்கும்போது அந்தப் படம் ஊர்சுற்றியதை நினைத்து இரண்டு நாள் எங்களுக்குத் தூக்கமில்லை.

4. கழுவுவதற்கு முன்பே காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்

பலர் குழம்பும் இடம் இது. வீவக கடன் எடுத்தவர்கள் கட்டாயமாக எடுக்கும் தீக்காப்புறுதி வேறு, வீட்டுப்பொருள் காப்புறுதி வேறு. தீக்காப்புறுதி கட்டடத்தின் அமைப்பை மட்டுமே பார்த்துக்கொள்ளும், தீ போன்ற விபத்துகளால் வந்த சேதத்துக்குத்தான் பணம் தரும். ரத்தக்கறைக்கு அதில் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) வராது. நீங்களாக எடுத்த வீட்டுப்பொருள் காப்புறுதி இருந்தால்தான் வழி உண்டு. இருக்கிறதா என்றே தெரியவில்லையா? வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறை போகும் சிறு தொகைகளைப் பாருங்கள். அம்மா எடுத்து மறந்துபோன ஒன்றை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

தொலைபேசியில் சொல்லிவிட்டு, அன்றைக்கே மின்னஞ்சலும் அனுப்புங்கள். இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கெடு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். “சேதத்தைப் பார்வையிட ஆள் அனுப்புகிறீர்களா, இல்லை படம் எடுத்துவிட்டுச் சுத்தம் செய்யலாமா?” என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வருமுன் சோபாவைத் தூக்கிப்போட்டால், பார்க்காத பொருளுக்குப் பணமில்லை என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

காப்புறுதி எடுத்தவரோ அவர் குடும்பத்தாரோ வேண்டுமென்றே செய்த சட்டவிரோதச் செயலால் வந்த சேதத்துக்குப் பணமில்லை என்ற விதிவிலக்கு இத்தகைய ஒப்பந்தங்களில் சாதாரணமாக இருக்கும். தற்காப்பு குற்றமல்ல. தண்டனைச் சட்டத்தொகுப்பில் 96ஆம் பிரிவிலிருந்து அந்த உரிமை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தம்பிமேல் நடவடிக்கை இல்லை என்று காவல்துறை முடிவு சொல்லும்வரை அந்த நிறுவனம் எங்கள் கோப்பை நிறுத்திவைத்தது. ஐந்து மாதம். அந்தக் கடிதம் வந்த அன்றே நகலை அனுப்பினேன். படிவத்தில் நடந்ததை நடந்தபடி, சுருக்கமாக எழுதுங்கள். “இரண்டு பேருக்கும் சண்டை” என்ற மாதிரி மொட்டையாக எழுதினால் இருவர் மேலும் தவறு என்று ஆகிவிடும். “கத்தியோடு நுழைந்தவரைத் தடுக்கும்போது” என்பதுதான் நடந்தது என்றால் அதையே எழுதுங்கள். உங்கள் வீட்டார்மேல் குற்றச்சாட்டு வரும்போல் இருந்தால், எதையும் அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வசதி குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும், குற்றம் சாட்டப்பட்டால் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவி கேட்கலாம். 2022 கடைசியில் தொடங்கிய அரசாங்க அலுவலகம் அது.

5. நாமே செய்யலாமா?

தரை ஓட்டில் சில துளிகள் என்றால் செய்யலாம். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஜன்னலைத் திறந்துவையுங்கள். முதலில் தாளால் ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு பங்கு குளோராக்ஸ் போன்ற பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். வெந்நீர் வேண்டாம், கறை இறுகிவிடும். பிளீச்சோடு கழிவறைக்குப் போடும் ஆசிட் திரவத்தையோ அமோனியா கலந்த எதையுமோ சேர்த்துவிடாதீர்கள், நச்சுப்புகை வரும். கைரேகை எடுக்கத் தூவிய கரும்பொடியை உலர்ந்த நிலையிலேயே எடுக்க வேண்டும். ஈரத்துணி பட்டால் சுவரில் அப்பிக்கொள்ளும்.

சோபா, மெத்தை, தரைப்பலகையின் அடி என்று ரத்தம் ஊறிப்போயிருந்தால் நீங்களே இறங்காதீர்கள். ஹெப்படைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். வந்தவனுக்கு என்ன நோய் என்று நமக்கு எப்படித் தெரியும்? உடல்நலம் ஒருபுறம் இருக்க, தன் பிள்ளையின் ரத்தத்தை ஒரு தாய் மண்டியிட்டுத் தேய்க்கக் கூடாது. பணிப்பெண்ணையும் அதைச் செய்யச் சொல்லாதீர்கள். அது அவருடைய வேலை அல்ல.

வாசலுக்கு வெளியே நடைபாதை, மின்தூக்கி, படிக்கட்டு ஆகியவை பொது இடம். அவற்றுக்கு நகர மன்றத்தின் அவசரப் பராமரிப்பு எண்ணை அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். கூட்டுரிமை வீடு என்றால் நிர்வாக அலுவலகம். எங்கள் நடைபாதையை நகர மன்ற ஊழியர்கள் வந்து கழுவினார்கள், எங்களிடம் பணம் கேட்கவில்லை. துப்புரவு நிறுவனத்தின் கோட்டேஷனில் நடைபாதையும் சேர்ந்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

6. கோட்டேஷன்: மூன்று இடத்தில் கேளுங்கள்

எங்களுக்கு வந்த மூன்று விலைகள்: 600 வெள்ளி, 1,650 வெள்ளி, 3,800 வெள்ளி. ஒரே கூடம், ஒரே படங்கள். இவ்வளவு வித்தியாசம் ஏன்? 600 சொன்னவர்கள் சாதாரண வீட்டுத் துப்புரவுக்காரர்கள், கழிவை எடுத்துப்போவது அதில் இல்லை. 3,800 சொன்னவர்கள் ரத்தம் படாத படுக்கையறைகளுக்கும் சேர்த்து மருந்தடிக்கக் கணக்குப் போட்டிருந்தார்கள். நடு விலைக்காரர்கள் நேரில் வந்து பார்த்து, எந்தெந்த இடம் என்று வரைந்து எழுதிக்கொடுத்தார்கள். அவர்களைத்தான் வைத்தோம். மூன்று கோட்டேஷனையும் பத்திரப்படுத்துங்கள். நாம் கொடுத்தது நியாயமான விலைதான் என்று பின்னால் காட்ட அவை உதவின.

கோட்டேஷனில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த அறை, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், கறை நீக்கம், கிருமிநீக்கம், வாடை நீக்கம் தனித்தனியாக, ரத்தம் ஊறிய பொருள்களை உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் சேர்ப்பது யார் பொறுப்பு, இரவு அல்லது வாரக்கடைசிக் கூடுதல் கட்டணம், முடிந்தபின் முன்-பின் படங்களோடு ஓர் அறிக்கை. அந்த அறிக்கை மிகவும் முக்கியம். எங்களுக்குப் பணம் திரும்பி வந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

கவனிக்க வேண்டிய பொறிகள் சில.

ரத்தம் ஊறிய சோபாவைப் புளோக்கின் கீழே வைத்துவிட்டு நகர மன்றத்தின் இலவசப் பெரும்பொருள் அகற்றும் சேவையை அழைக்கலாம் என்று ஒரு நிறுவனம் சொன்னது. செய்யாதீர்கள். அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள், அதைத் தூக்கப்போகும் ஊழியருக்கு ஒன்றும் தெரியாது.

பணத்தைப் பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக ஒருவரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நிறுவனத்தின் பதிவு எண்ணுக்கே அனுப்புங்கள். அந்த எண் உண்மைதானா என்று நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசாங்கத் தளமான பிஸ்ஃபைலில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பொருள் சேவை வரி 9 விழுக்காடு கேட்டால், இன்வாய்ஸில் வரிப்பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்யாத நிறுவனம் அந்த வரியை வாங்க முடியாது. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாங்கள் பாதி முன்பணம், மீதியை அறிக்கை கைக்கு வந்தபின் கொடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேர் வந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தார்கள். வரியோடு 1,798 வெள்ளி 50 காசு. தரை ஓடுகளை உடைத்து மாற்றும் நிலை வந்தால் அது தனி வேலை. வீவக அனுமதி வேண்டும், வீவக பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளர்தான் செய்ய வேண்டும், சத்தம் வரும் வேலையை வார நாளில் மட்டுமே செய்யலாம்.

புண்ணியாகவாசனம் செய்து வீட்டைச் சுத்திசெய்தோம். அந்தச் செலவை யாரிடமும் கேட்க முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் அம்மா மறுபடி கூடத்தில் உட்கார்ந்தார்.

7. வாடகைக்கு இருப்பவர்களுக்கு

ஊரிலிருந்து வேலைக்கு வந்து வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அவருடைய கட்டிலும் சோபாவும் கறையானால், அவர் தன் காப்புறுதியில் கேட்க வேண்டியிருக்கும், அதற்கும் கெடு உண்டு. உங்கள் அனுமதியில்லாமல் முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்வார் என்ற பயம் இருந்தால், துப்புரவு அறிக்கையை அவருக்கும் அனுப்பிவையுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத் தகராறைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். முத்திரைத் தீர்வை கட்டிய ஒப்பந்தம் கையில் இருக்கட்டும்.

8. பணத்தைத் திரும்பப் பெறுவது

முதல் வழி காப்புறுதி. எங்கள் நிறுவனம் சோபாவுக்கும் பூட்டுக்கும் ஒப்புக்கொண்டு, துப்புரவுக்கு இல்லை என்றது. “எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்” என்று கேட்டேன். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தபோது, சேதக்கழிவு அகற்றும் செலவு என்று ஒரு பிரிவு 500 வெள்ளி வரம்போடு இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிய பிறகு அந்த 500 வந்தது. கடைசிவரை மறுத்தால் நிதித்துறைப் பிணக்குத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

இரண்டாவது, தாக்கியவருக்குத் தண்டனை கிடைத்தால் நீதிமன்றம் இழப்பீட்டு ஆணை பிறப்பிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவு. இதற்குத் தனி வழக்கும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால் உங்கள் ரசீதுகள் அரசுத்தரப்பு வழக்கறிஞரின் கையில் தண்டனை நாளுக்கு முன்பே இருக்க வேண்டும். யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். இன்வாய்ஸ், அறிக்கை, படங்கள் எல்லாவற்றையும் ஐஓவிடம் நீங்களே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வாங்குங்கள். காப்புறுதியிலிருந்து வந்த தொகையையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஒரே செலவை இரு இடத்தில் வாங்கக் கூடாது. எங்களுக்கு 1,200 வெள்ளி ஆணையானது, தவணையாக வந்தது.

மூன்றாவது, சிறு கோரிக்கை நடுவர் மன்றம். உங்கள் பொருளுக்கு ஒருவர் செய்த சேதத்துக்காக 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் இணையத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமே பேசலாம். எதிராளி சிறையில் இருந்தாலோ கையில் காசில்லாதவர் என்றாலோ வென்றும் வசூலாகாது. அதனால்தான் நாங்கள் அங்கே போகவில்லை. துப்புரவு நிறுவனம் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டாலும் இதே மன்றம்தான்.

9. கையில் பணமே இல்லையென்றால்

இத்தகைய துப்புரவுக்கென்று அரசாங்கம் தனி நிதி வைத்திருப்பதாக எண்ணிக் காத்திருக்க வேண்டாம். வட்டாரச் சமூக சேவை அலுவலகத்தில் கேளுங்கள், காம்கேர் என்ற அரசாங்க உதவித் திட்டத்தின் எண் 1800-222-0000. குடும்ப சேவை நிலையத்துச் சமூக ஊழியர் துப்புரவு நிறுவனத்திடம் தவணைக்குப் பேசிக் கொடுப்பதும் உண்டு. நாங்கள் கேட்டபோதே நிறுவனம் இரண்டு தவணைக்கு ஒத்துக்கொண்டது, கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. கடன் முதலைகளிடம் மட்டும் போய்விடாதீர்கள்.

மனம் தாங்காவிட்டால் எஸ்ஓஎஸ் என்ற மனநல ஆதரவு அமைப்பின் 1767 எண்ணை அழையுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள். பாதிக்கப்பட்டவர்களோடு துணைக்கு இருக்கும் தொண்டூழியர் திட்டம் காவல்துறையிலேயே உண்டு, ஐஓவிடம் கேளுங்கள். தம்பி ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டான். முதல் வாரமே கேட்டிருக்கலாம்.

10. எடுத்துச்சென்ற பொருள்கள்

வழக்கு முடிந்தபின் பறிமுதல் செய்த பொருள்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அழைப்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். ரத்தம் பட்ட துணியைத் திரும்ப வாங்கினால் அதைக் கழிப்பது மறுபடி உங்கள் செலவு. நாங்கள் சட்டையையும் மிதியடியையும் விட்டுவிட்டோம். அழைப்பு வந்தது பத்தாவது மாதம். காப்புறுதிப் பணம் ஆறாவது மாதத்தில், இழப்பீட்டின் கடைசித் தவணை ஒன்பதாவது மாதத்தில். துப்புரவுக்குச் செலவழித்ததில் 98 வெள்ளி 50 காசு மட்டும் வரவில்லை. முக்காலியை மட்டும் அம்மா வாங்கிக்கொண்டார், அது பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்தது.